ஏர் டியூப் புஷ் ஃபிட்டிங்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் எந்தப் பட்டறைக்குள் போனாலும் நீலத்திலோ கறுப்பிலோ காற்று கொண்டுபோகும் பியு (பாலியூரித்தேன்) டியூப் ஓடிக்கொண்டிருக்கும். சிஎன்சி மெஷினின் கதவு, ஏர்ஜெட் தறியின் நாசில், நிட்டிங் மெஷினில் பஞ்சை ஊதித் தள்ளும் குழாய், பேக்கிங் மெஷினின் சிலிண்டர் எல்லாமே அந்த டியூப்பை நம்பித்தான் ஓடுகின்றன. டியூப்பின் இரண்டு முனையிலும் இருப்பது புஷ் ஃபிட்டிங். டியூப்பை உள்ளே தள்ளினால் பிடித்துக்கொள்ளும், வளையத்தை அமுக்கினால் விட்டுவிடும். ஸ்பேனர் வேண்டாம், கிளிப் வேண்டாம்.

அது கசிந்தால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டுவதுதான் வழக்கம். சில நாளில் அதே இடத்தில் மறுபடியும் சத்தம் கேட்கும். ஏனென்றால் பெரும்பாலும் குற்றம் ஃபிட்டிங்கில் இல்லை. டியூப்பை வெட்டிய விதம், அது வந்து சேரும் திசை, பக்கத்தில் இருக்கும் சூடு, பஞ்சு, ரசாயனம், இவற்றில்தான் இருக்கிறது. ஆகவே புது ஃபிட்டிங் எடுக்க ஸ்டோருக்குப் போவதற்கு முன்னால் டியூப்பை உருவி அதன் முனையைப் பாருங்கள். கோளாறின் காரணம் அங்கேதான் பதிந்திருக்கும்.

உருவுவதற்கு முன்னால் ஏர் லைனின் வால்வை மூடுங்கள், உள்ளே தங்கியிருக்கும் காற்றையும் வெளியேற்றுங்கள். கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகுதான் கை வைக்க வேண்டும். செங்குத்தாக நிற்கும் சிலிண்டர் எடை எதையாவது தூக்கிப் பிடித்திருந்தால், முதலில் அந்த எடைக்கு முட்டுக் கொடுங்கள். காற்று போனதும் அது இறங்கும். கைவிரல் போன கதைகள் நம் ஊரில் போதுமான அளவு இருக்கின்றன.

உள்ளே என்ன இருக்கிறது

டியூப் போகும் வழியில் முதலில் ரிலீஸ் ரிங், அதாவது அமுக்கினால் டியூப்பை விடும் வளையம். அடுத்து துருப்பிடிக்காத எஃகில் செய்த பற்கள். அதைத் தாண்டி ரப்பர் சீல். கடைசியில் ஒரு படி, டியூப்பின் முனை அதில் முட்டி நிற்க வேண்டும். பற்களின் வேலை டியூப்பைப் பிடிப்பது, சீலின் வேலை காற்றைப் பிடிப்பது. டியூப்பை இழுத்தால் வரவில்லை என்பதால் சீலும் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பாதி தள்ளிய டியூப்பைக்கூடப் பற்கள் பிடித்துக்கொள்ளும். காற்று மட்டும் நிற்காது.

பற்கள் சுருக்குக் கயிறு மாதிரி, இழுக்க இழுக்க இறுகும். அதனால்தான் கழற்றும்போது டியூப்பை முதலில் கொஞ்சம் உள்ளே தள்ளி, ரிலீஸ் ரிங்கை இரண்டு பக்கமும் சமமாக அமுக்கி, பிறகு உருவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அமுக்கி இழுத்தால் மறுபக்கத்துப் பற்கள் டியூப்பில் நீளமாகக் கோடு போட்டுவிடும்.

உருவிய முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பல் பதிந்த தடம் சுற்றிலும் ஒரே ஆழத்தில், முனையிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் டியூப் சரியாக உட்கார்ந்திருந்தது என்று பொருள். தடம் முனைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் டியூப் முழுதாக உள்ளே போகவே இல்லை. தடம் நீளவாக்கில் இழுபட்டிருந்தால் டியூப் மெல்ல மெல்ல நழுவிக்கொண்டிருந்தது, அல்லது யாரோ ரிங்கை அமுக்காமல் பிடுங்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் லேசாகவும் இருந்தால் டியூப் பக்கவாட்டில் இழுபடுகிறது. இந்த நான்கையும் படிக்கத் தெரிந்துவிட்டால் கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு நீங்களே விடை சொல்லிவிடலாம்.

டியூப் நுழையும் இடத்தில் விடாமல் காற்றுச் சத்தம்

அடிக்கடி வருவது இதுதான். சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி ரிலீஸ் ரிங்கைச் சுற்றி வந்தால் டியூப் பக்கம், மரையைச் சுற்றி வந்தால் திருகு பக்கம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. மரைக் கசிவைத் தனியாகக் கீழே பார்க்கலாம்.

டியூப் பக்கம் என்றால் முதல் சந்தேகம் வெட்டிய விதத்தின் மேல்தான். கட்டிங் பிளேயரால் நறுக்கிய முனை நசுங்கி முட்டை வடிவமாகிவிடும், சாய்வாகவும் இருக்கும். சாய்ந்த முனையின் ஒரு பக்கம் படியில் முட்டும்போது மறுபக்கம் சீலை ஒழுங்காகத் தாண்டியிருக்காது. ஆக்ஸா பிளேடால் அறுத்தால் பிசிறு நின்று சீலின் உதட்டைக் கிழிக்கும். டியூப் கட்டர் என்று கையடக்கமாக ஒன்று கிடைக்கிறது. கூரான பிளேடு, டியூப் உட்காரப் பள்ளம், அவ்வளவுதான். மெயின்டெனன்ஸ் ஆட்கள் ஒவ்வொருவர் பையிலும் அது இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சில ஃபிட்டிங்குகளை மிச்சம் பிடித்தாலே அதன் விலை திரும்பி வந்துவிடும். பிளேடு மழுங்கினால் உடனே மாற்றுங்கள், மழுங்கிய பிளேடும் நசுக்கத்தான் செய்யும்.

ஏற்கெனவே மாட்டிய முனையை அப்படியே திரும்ப மாட்டாதீர்கள். பல் கீறிய பகுதி இப்போது சீலுக்கு அடியில் வந்து உட்காரலாம், அந்தக் கீறலே காற்றுக்கு வழியாகிவிடும். தடம் முடியும் இடத்துக்கு அப்பால் நேராக வெட்டிவிட்டு மாட்டுங்கள். இதற்காகவே டியூப் போடும்போது ஒவ்வொரு முனையிலும் இரண்டு மூன்று தடவை வெட்டும் அளவுக்கு நீளம் விட்டு வைப்பது நல்லது. அளந்து வெட்டி விறைப்பாக மாட்டிய டியூப்பை அடுத்த தடவை முழுதாக மாற்ற வேண்டிவரும்.

அடுத்த சந்தேகம் அளவு. புஷ் ஃபிட்டிங் டியூப்பின் வெளிவிட்டத்தைத்தான் பிடிக்கிறது. 4, 6, 8, 10, 12, 16 மி.மீ. என்பது ஒரு குடும்பம். கால் இன்ச், அரை இன்ச் என்று இன்ச் கணக்கில் வருவது இன்னொரு குடும்பம். கால் இன்ச் டியூப் என்றால் 6.35 மி.மீ. கண்ணுக்கு அது 6 மி.மீ. மாதிரியேதான் தெரியும். 6 மி.மீ. டியூப்பைக் கால் இன்ச் ஃபிட்டிங்கில் மாட்டினால் பற்கள் பிடிக்கும், சீல் பிடிக்காது. சில நேரம் பற்களும் கைவிட்டுவிடும். மாற்றி மாட்டினால் உள்ளே போகவே அடம்பிடிக்கும், முறுக்கித் தள்ளினால் சீல் போய்விடும். மூன்றெட்டு (3/8) இன்ச் என்பது 9.53 மி.மீ., அதுவும் 10 மி.மீ. ஃபிட்டிங்கில் நிற்காது. அரை இன்ச் 12.7 மி.மீ., 12 மி.மீ. ஃபிட்டிங்கில் நுழையாது. ஐந்து பதினாறு (5/16) இன்ச் மட்டும் 7.94 மி.மீ. என்பதால் 8 மி.மீ. ஃபிட்டிங்கோடு ஒத்துப்போகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மெஷின்களில், முக்கியமாக செகண்ட்ஸில் வாங்கியவற்றில், இன்ச் ஃபிட்டிங்கும் மி.மீ. ஃபிட்டிங்கும் ஒரே மெஷினில் கலந்து கிடக்கும். ரிலீஸ் ரிங்கின் நிறத்தை மட்டும் நம்பாமல் ஃபிட்டிங்கின் மேல் பொறித்திருப்பதைப் படியுங்கள்.

டியூப்பை வெர்னியரில் (விட்டம் அளக்கும் கருவி) வைத்து இரண்டு திசையில் அளந்து பாருங்கள். நல்ல டியூப்பில் வெளிவிட்டம் சொன்ன அளவிலிருந்து 0.1 மி.மீ. அளவுக்குத்தான் கூடும் குறையும். ஒரு திசையில் 7.7, இன்னொரு திசையில் 8.2 என்று வந்தால் எந்த ஃபிட்டிங் வாங்கினாலும் கசியும். சுருளாகக் கிடந்த டியூப்பின் நுனியில் இந்தக் கோணல் அதிகம். அந்தத் துண்டை வெட்டித் தள்ளிவிட்டு நேரான பகுதியில் மாட்டுங்கள்.

முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்பதை எப்படி அறிவது? ஃபிட்டிங்குக்கு ஃபிட்டிங் ஆழம் மாறும். அதே மாடல் புது ஃபிட்டிங் ஒன்றில் டியூப்பை முட்டும்வரை தள்ளி, ரிங்கை ஒட்டி மார்க்கரால் கோடு போட்டு உருவுங்கள். முனையிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் உள்ள தூரம்தான் அந்த மாடலின் ஆழம். இனி ஒவ்வொரு டியூப்பிலும் அதே தூரத்தில் கோடு போட்டுவிட்டு, கோடு ரிங்கைத் தொடும்வரை தள்ளுங்கள். தள்ளும்போது இரண்டு இடத்தில் தடை தெரியும், முதலில் பற்கள், அடுத்து சீல். முதல் தடையிலேயே நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். மாட்டியதும் ஒரு தடவை இழுத்தும் பாருங்கள். கோடு போடும் பழக்கத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு: அடுத்த மாதம் அந்தப் பக்கம் போகும்போது கோடு வெளியே வந்திருந்தால் டியூப் நழுவத் தொடங்கிவிட்டது என்று சத்தம் வருவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

கையால் அசைத்தால் நிற்கிறது, விட்டால் கசிகிறது

இது பக்கவாட்டு இழுப்பு. டியூப் ஃபிட்டிங்கை விட்டு வெளியே வந்தவுடனே வளைகிறது, அல்லது இரண்டு ஃபிட்டிங்குகளுக்கு நடுவே விறைப்பாக நிற்கிறது. டியூப் ஒரு பக்கம் சாய்ந்து சீலை அமுக்க, எதிர்ப்பக்கத்தில் சந்து விழுகிறது. ஃபிட்டிங்கை எத்தனை தடவை மாற்றினாலும் இது போகாது.

வெளியே வந்ததும் டியூப் விட்டத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீளமாவது நேராக வரட்டும், பிறகு வளையட்டும். அந்த இடத்தில் வசதி இல்லையென்றால் நேர் ஃபிட்டிங்கை எடுத்துவிட்டு, முழங்கை போல வளைந்திருக்கும் எல்போ ஃபிட்டிங் போடுங்கள். காற்று ஏறும்போது டியூப்பின் நீளம் கொஞ்சம் மாறும், அதற்கும் சேர்த்துத் தொய்வு விடுங்கள். பத்துப் பதினைந்து டியூப்பை ஒன்றாகச் சேர்த்து டேக் போட்டு இறுக்கிக் கட்டும் இடங்களில், கட்டு ஃபிட்டிங்குக்குப் பக்கத்தில் இருந்தால் மொத்தக் கட்டின் எடையும் ஓரத்தில் இருக்கும் ஒரு டியூப்பின் மேல்தான் இறங்கும். கட்டைத் தள்ளிப் போடுங்கள்.

எல்போவின் தலை சுழல்கிறதே, ஆடும் பாகத்தில் மாட்டலாமே என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தச் சுழற்சி மாட்டும்போது திசை பார்த்து வைப்பதற்கு மட்டும். இண்டெக்ஸ் டேபிள் (படிப்படியாகச் சுழலும் மேசை) மாதிரி ஓயாமல் திரும்பும் இடத்துக்கு ரோட்டரி ஃபிட்டிங் என்று தனியாக இருக்கிறது. சாதாரண எல்போவை அங்கே போட்டால் அதன் உள் ஓ-ரிங் தேய்ந்து கழுத்தில் கசியத் தொடங்கும்.

டியூப் பிடுங்கிக்கொண்டு வருகிறது

இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிடுங்கிய டியூப் சாட்டையாகச் சுழன்று முகத்தில் அடிக்கும், கண் போகும்.

ஒரு கணக்கைப் பார்த்தால் காரணம் எங்கே இல்லை என்பது தெரியும். 6 பார் அழுத்தத்தில் 8 மி.மீ. டியூப்பை வெளியே தள்ளும் விசை சுமார் 3 கிலோ. 12 மி.மீ. டியூப்பில் சுமார் 7 கிலோ, 16 மி.மீ. டியூப்பில் சுமார் 12 கிலோ. நல்ல நிலையில் உள்ள பற்களுக்கு இது ஒரு சுமையே இல்லை. ஆக, “பிரஷர் ஜாஸ்தியாகிவிட்டது, அதுதான் பிடுங்கிவிட்டது” என்று முடித்துவிடாதீர்கள். வேறு ஏதோ ஒன்று நடந்திருக்கிறது.

முதலில் முனையைப் பாருங்கள். பல் தடமே இல்லை, அல்லது நுனியில் மட்டும் இருக்கிறது என்றால் பாதி தள்ளிய டியூப். தடம் நீளமாக இழுபட்டிருந்தால் டியூப் மிருதுவாகிவிட்டது. தகரக் கூரைக்கு அடியில், கம்ப்ரசர் ரூமில், துணியைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டென்டர் மெஷின் பக்கத்தில் ஓடும் பியு டியூப் சித்திரை வெயிலில் எவ்வளவு சூடாகிறது என்று தொட்டுப் பாருங்கள். பியு டியூப்பின் எல்லை பொதுவாக 60 டிகிரி. அந்தச் சூட்டில் அது தாங்கும் அழுத்தம் 20 டிகிரியில் தாங்குவதில் பாதி, அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் என்ற அளவுக்கு இறங்கிவிடும். சூடான இடத்துக்கு நைலான் டியூப்தான் சரி. விறைப்பாக இருக்கும், வளைக்கச் சிரமம், ஆனாலும் நிற்கும். விலை குறைவான மிருதுவான டியூப்பை மாற்ற முடியாத நிலை என்றால், டியூப்புக்கு உள்ளே செருகும் பித்தளைத் தாங்கி கிடைக்கும். அதைப் போட்டால் பற்கள் அமுக்கும்போது டியூப் உள்பக்கம் மடங்காது.

ஆடும் சிலிண்டரில் இருக்கும் டியூப் என்றால் நீளம் போதாமல் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் இழுபடுகிறதா என்று மெஷினை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எதிலாவது உரசி ரிலீஸ் ரிங் அமுங்குகிறதா என்றும் பாருங்கள். கம்பித் தட்டோ கார்டு மூடியோ ரிங்கின் மேல் அழுத்திக்கொண்டிருந்தால், மெஷின் அதிரும்போது ஃபிட்டிங் தானாகவே விட்டுவிடும்.

பிடுங்கும் டியூப்பைக் கட்டுக்கம்பியால் கட்டுவது, ஃபிட்டிங்குக்குள் பசை ஊற்றுவது, எம்-சீல் அப்பி வைப்பது எல்லாம் செய்கிறார்கள். பசை பற்களின் அசைவை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு அந்த ஃபிட்டிங்கால் பிடிக்கவும் முடியாது, விடவும் முடியாது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

இங்கேயே இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் லாரியும் ரிக் வண்டியும் அதிகம், பட்டறையில் கைக்குக் கிடைக்கும் பியு டியூப்பையும் புஷ் ஃபிட்டிங்கையும் வண்டியின் பிரேக் லைனில் போட்டு ஒப்பேற்றும் ஆசை வரும். கூடவே கூடாது. ஏர் பிரேக்குக்கென்றே ஐஎஸ்ஓ 7628 மாதிரியான தரத்தில் நைலான் டியூப்பும் அதற்குரிய ஃபிட்டிங்கும் இருக்கின்றன. மெஷின் லைனில் கசிந்தால் மெஷின் நிற்கும். மலைச்சரிவில் இறங்கும் லாரியில் கசிந்தால் என்ன நிற்காது என்று சொல்லத் தேவையில்லை.

டியூப் கழற்ற வரவில்லை

நூற்பாலை, நிட்டிங் கம்பெனி, தறிக்கூடம் மூன்றிலும் காரணம் ஒன்றுதான்: பஞ்சு. ரிலீஸ் ரிங்குக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள சந்தில் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து கெட்டியாகிவிடும். ஆடிக் காற்றில் இது இன்னும் மோசம். ரிங் அமுங்காததால் பிளேயரால் பிடித்துப் பிடுங்குகிறார்கள், டியூப்பும் ஃபிட்டிங்கும் இரண்டும் போய்விடுகின்றன.

லைனில் காற்று இல்லை என்பதை இன்னொரு தடவை உறுதிசெய்யுங்கள், காற்று இருக்கும்போது பற்கள் விடாது. மெல்லிய பிரஷ்ஷால் சந்தைச் சுத்தம் செய்து, டியூப்பை உள்ளே தள்ளிப் பிடித்து, ரிங்கை இரண்டு பக்கமும் அமுக்குங்கள். எல்போ நெருக்கமாக அடுக்கியிருக்கும் வால்வு பேங்கில் (வரிசையாகச் சேர்த்து வைத்த வால்வுகள்) விரல் போகாது. அதற்குக் கவை போன்ற பிளாஸ்டிக் கழற்றி இருக்கிறது. பஞ்சு அதிகமுள்ள இடத்தில் ரிங்கின் மேல் மாட்டும் மூடி கிடைத்தால் போட்டுவிடுங்கள்.

மரைப் பக்கம் கசிவு

இங்கே டியூப்பைக் குறை சொல்ல முடியாது. நம் பக்கத்தில் புழங்குவது பெரும்பாலும் பிஎஸ்பி எனும் பிரிட்டிஷ் குழாய் மரை. அதிலும் இரண்டு வகை. கூம்பு மரை தன் மரையிலேயே அடைக்கும், நேர் மரை அடியில் இருக்கும் வாஷராலோ ஓ-ரிங்காலோ அடைக்கும். ஃபிட்டிங்கில் கூம்பு மரைக்கு ஆர் (R) என்றும் நேர் மரைக்கு ஜி (G) என்றும் எழுதியிருக்கும். நேர் மரை ஃபிட்டிங்கில் வாஷரைத் தொலைத்துவிட்டு டெஃப்லான் டேப்பை மொத்தமாகச் சுற்றி இறுக்குவதுதான் அடிக்கடி பார்க்கும் தவறு. அன்றைக்கு நிற்கும், அதிர்வில் மறுபடி கசியும். வாஷரைப் போடுங்கள், டேப் வேண்டாம். சிறிய எம்5 (5 மி.மீ.) மரையும் அப்படித்தான்: கையால் இறுக்கி, ஸ்பேனரால் ஆறில் ஒரு பங்கு சுற்று போதும். அதற்கு மேல் போனால் மரை முறிந்து வால்வுக்குள்ளேயே நின்றுவிடும்.

கூம்பு மரையில் பெரும்பாலும் கம்பெனியிலேயே அடைப்புப் பூச்சு பூசி வரும், அதன் மேல் டேப் தேவையில்லை. கையால் இறுக்கிய பிறகு ஸ்பேனரால் ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்று. பூச்சு இல்லாத, அல்லது ஏற்கெனவே கழற்றிய ஃபிட்டிங்குக்கு டேப் சுற்றுங்கள். இறுக்கும் திசையிலேயே சுற்ற வேண்டும், முதல் மரையை வெறுமனே விட வேண்டும். அந்த முதல் மரையில் சுற்றிய டேப்தான் துணுக்காகப் பிய்ந்து சோலனாய்டு வால்வுக்குள் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) போய் உட்காருகிறது. “வால்வு ஒட்டிக்கொள்கிறது” என்று வால்வையே மாற்றியவர்கள் அதைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளைத் துணுக்கு ஒன்று கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கையால் திருகத் தொடங்கிய இரண்டு சுற்றுக்குள்ளேயே கல் மாதிரி இறுகிவிட்டது, ஆனாலும் கசிகிறது என்றால் மரையே வேறு. கால் இன்ச் பிஎஸ்பியில் இன்சுக்கு 19 மரை, கால் இன்ச் என்பிடி எனும் அமெரிக்கக் குழாய் மரையில் 18. கோணமும் வேறு, ஒன்று 55 டிகிரி, மற்றது 60. அமெரிக்க மெஷின்களில் என்பிடி வரும். மரை கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். கால் இன்ச் என்று பெயர் இருந்தாலும் பிஎஸ்பி மரையின் வெளிவிட்டம் 13.16 மி.மீ. என்பதைப் புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். 6.35 மி.மீ. டியூப்பையும் கால் இன்ச் என்கிறோம், 13 மி.மீ. மரையையும் கால் இன்ச் என்கிறோம், குழம்பாமல் என்ன செய்வார்கள்.

ஸ்பேனரை எப்போதும் பித்தளை அறுகோணத்தில் போடுங்கள், பிளாஸ்டிக் உடம்பைப் பிடித்துத் திருகாதீர்கள்.

கசிவு எதுவும் இல்லை, சிலிண்டர் மட்டும் மந்தம்

டியூப் எங்கேயாவது மடங்கி நிற்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உள்விட்டம் போதவில்லை. 6 மி.மீ. டியூப்பின் உள்விட்டம் பொதுவாக 4 மி.மீ. 8 மி.மீ. டியூப்பில் 5 அல்லது 5.5. உள்விட்டம் 4-லிருந்து 5.5-க்குப் போனால் காற்று போகும் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. வரிசையாக மூன்று நான்கு எல்போ இருந்தால் ஒன்றிரண்டைக் குறைக்க வழி தேடுங்கள். பிரஷரை ஏற்றிச் சமாளிப்பதைவிட டியூப்பைப் பெரிதாக்குவது மலிவு.

குறைந்த பிரஷரில் கசிகிறது, ஏற்றினால் நின்றுவிடுகிறது

சில ஃபிட்டிங்கில் சீலுக்கு உதடு இருக்கும், காற்றின் அழுத்தமே அந்த உதட்டை டியூப்பின் மேல் அமுக்கும். ரப்பர் வயதாகி விறைத்துப்போனால் குறைந்த அழுத்தத்தில் அது ஒட்டாது. டியூப்பில் மெல்லிய கீறல் இருந்தாலும் இதே அறிகுறிதான். முனையை வெட்டி மாட்டிப் பாருங்கள், அப்படியும் கசிந்தால் ஃபிட்டிங்கை மாற்ற வேண்டியதுதான். ஃபிட்டிங்கே குற்றவாளியாக இருக்கும் இடங்களில் இது ஒன்று.

டியூப் பிசுபிசுக்கிறது, வெடிக்கிறது, நிறம் மாறுகிறது

பெருந்துறை, திருப்பூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறை, பிளீச்சிங் யூனிட்காரர்களுக்கு இது பழகிய தொல்லை. பியு டியூப்பில் பாலியெஸ்டர் வகை, பாலியீதர் வகை என்று இரண்டு உண்டு. பாலியெஸ்டர் வகை சூடும் ஈரமும் சேர்ந்தால் தண்ணீரோடு வினைபுரிந்து சிதையும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு வளைத்தால் வெடிக்கும். ஃபிட்டிங்குக்கு வெளியே நன்றாக இருந்து, பற்கள் கடித்த இடத்தில் மட்டும் வெடித்திருப்பதையும் பார்க்கலாம். ஈரமான இடத்துக்குக் கடையில் “ஈதர் பேஸ்” என்று கேட்டு வாங்குங்கள், ஆவி படும் இடத்துக்கு பிடிஎஃப்இ (டெஃப்லான்) டியூப் போடுங்கள்.

காஸ்டிக், பெராக்சைடு டோசிங் லைனில் டியூப்பை மட்டும் மாற்றினால் போதாது. சாதாரண ஏர் ஃபிட்டிங்கின் சீல் நைட்ரைல் ரப்பர், உடம்பு நிக்கல் பூசிய பித்தளை. இரண்டும் அங்கே நிற்காது. ஈபிடிஎம் என்ற ரப்பரில் செய்த சீலும், துருப்பிடிக்காத எஃகு அல்லது பாலிப்ரொப்பிலீன் உடம்பும் வேண்டும். அதே ஈபிடிஎம் ஃபிட்டிங்கை எண்ணெய் கலந்த ஏர் லைனில் போட்டுவிடாதீர்கள், எண்ணெய் பட்டால் அது ஊதிப்போகும். இரண்டையும் வேறு வேறு பெட்டியில் பெயர் எழுதி வையுங்கள்.

வெல்டிங் பட்டறையில் தீப்பொறி பட்டு ஊசி ஊசியாகத் துளை விழும். அதற்கு இரட்டை அடுக்கு டியூப் இருக்கிறது, பித்தளை உடம்பு ஃபிட்டிங் போட வேண்டும். நாமக்கல் கோழிப்பண்ணையில் ஃபாகர் (தண்ணீரைப் பனிபோலத் தெளிப்பது) லைன் போட்டிருப்பவர்கள் பித்தளை ஃபிட்டிங்கில் மயிரிழை வெடிப்பு பார்த்தால் அம்மோனியாவைச் சந்தேகியுங்கள். எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் ஈரமும், இறுக்கி மாட்டிய பித்தளையும் சேர்ந்தால் வெடிப்பு விடும். அங்கே பிளாஸ்டிக்கோ எஃகோதான் ஏற்றது. உயர் அழுத்த ஃபாகர் என்றால் டியூப் 9.52 மி.மீ., அதற்கென்றே உள்ள ஃபிட்டிங்தான் போட வேண்டும், ஏர் ஃபிட்டிங் அந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல.

வீட்டு ஆர்ஓ-வில் சொட்டு

ஆர்ஓ பெட்டியில் இருப்பதும் புஷ் ஃபிட்டிங்தான், டியூப் கால் இன்ச் வெள்ளை பாலிஎத்திலீன். பட்டறையில் மிச்சமான 6 மி.மீ. பியு டியூப்பை அதில் மாட்டாதீர்கள். அளவும் சேராது, குடிதண்ணீருக்கு உகந்ததும் அல்ல. பெரும்பாலும் ஃபில்டர் மாற்றிய மறுநாள்தான் சொட்டும். கழற்றிய முனையை வெட்டாமல் அப்படியே மாட்டியிருப்பார்கள். வெட்டி, முழுதாகத் தள்ளி, ரிங்குக்கு அடியில் லாக் கிளிப்பைப் போடுங்கள். கிளிப் இல்லாவிட்டால் பம்ப் நின்று நின்று ஓடும்போது ரிங் ஆடி டியூப் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். போர் தண்ணீர் வரும் வீட்டில் ஃபிட்டிங்கைச் சுற்றி வெள்ளையாக உப்பு படிந்திருந்தால் அது பழைய சொட்டின் அடையாளம், வெளியே காய்ந்திருந்தாலும் முனையைச் சரிபாருங்கள். வெயில் படும் சுவரில் வெள்ளை டியூப் ஓடினால் உள்ளே பாசி பிடிக்கும், அங்கே கறுப்பு டியூப் போடச் சொல்லுங்கள்.

எங்கே கசிகிறது என்று தெரியவில்லை, கம்ப்ரசர் மட்டும் ஓயவில்லை

ஷிஃப்ட் முடிந்து எல்லா மெஷினும் நின்ற பிறகு, லைன் திறந்தே இருக்கட்டும், கம்ப்ரசரை நிறுத்துங்கள். டேங்கின் பிரஷர் 7 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். டேங்கின் லிட்டரை, இறங்கிய பாரால் பெருக்கி, நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று வீணாகிறது என்று வந்துவிடும். 500 லிட்டர் டேங்க் 5 நிமிடத்தில் 1 பார் இறங்கினால் நிமிடத்துக்கு 100 லிட்டர். பைப் லைனின் கொள்ளளவையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

இதன் பண மதிப்பு முதலாளிக்குப் புரிய வேண்டும் என்றால் இப்படிச் சொல்லுங்கள்: 7 பாரில் 1 மி.மீ. துளை வழியே நிமிடத்துக்குச் சுமார் 70 லிட்டர் காற்று போகும், அந்தக் காற்றைத் திரும்ப அடைக்கக் கம்ப்ரசருக்கு அரை கிலோவாட்டை ஒட்டி வேண்டும். இரவு பகல் ஓடினால் நாளுக்கு 10 முதல் 12 யூனிட். அந்த ஒரு துளையின் விலை டியூப் கட்டரின் விலையோடு ஒப்பிட முடியாத அளவுக்குப் பெரியது. சாய்வாக வெட்டிய முனைகள் சில சேர்ந்தால் 1 மி.மீ. துளை ஆகிவிடும்.

மெஷின் சத்தம் இல்லாத அந்த நேரத்திலேயே காதால் கேட்டுக்கொண்டே நடந்து, கசியும் ஒவ்வொரு இடத்திலும் சிவப்புத் துணியோ டேக்கோ கட்டிவிடுங்கள். அன்றைக்கே சரிசெய்ய முயல வேண்டாம், பொருள் இல்லாமல் பாதி வேலை நடக்கும். மறுநாள் அளவுகளைப் பார்த்துப் பொருளோடு வாருங்கள். சோப்புத் தண்ணீருக்குக் குளிக்கும் சோப்பு போதும். எஃப்ஆர்எல்-லின் (காற்றை வடிகட்டி, அழுத்தம் சீராக்கி, எண்ணெய் கலக்கும் தொகுதி) தெளிந்த பிளாஸ்டிக் கிண்ணத்தின் மேல் தின்னரோ பெட்ரோலோ, மரைப் பசையோ பட்டுவிடக் கூடாது, அது வெடித்துவிடும்.

கடையில் வாங்கும்போது

டியூப்பின் மேல் வெளிவிட்டம், உள்விட்டம், பொருள், தாங்கும் அழுத்தம் அச்சிட்டிருக்க வேண்டும். வெறும் டியூப்பாக, அச்சே இல்லாமல் கிலோ கணக்கில் தருவதை மெஷினுக்கு வாங்காதீர்கள். கார் கழுவவோ தரை ஊதவோ வேண்டுமானால் இருக்கட்டும். ஃபிட்டிங்கில் ஐஎஸ்ஓ 14743 தரம் குறிப்பிட்டிருக்கிறதா என்று கேட்டலாக்கில் பாருங்கள். கோவை டாக்டர் நஞ்சப்பா ரோட்டுக் கடைக்குப் பழைய ஃபிட்டிங்கை மட்டும் எடுத்துப் போகாமல், அதில் மாட்டியிருந்த டியூப்பிலும் ஒரு சாண் வெட்டி எடுத்துப் போங்கள், கையில் ஒரு வெர்னியரும் இருக்கட்டும். வாங்கும் சுருளிலிருந்து ஒரு துண்டை வெட்டச் சொல்லி, வாங்கும் ஃபிட்டிங்கிலேயே அங்கேயே மாட்டி, இழுத்து, கழற்றிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார்.